குண்டுமணித் தங்கம்!

மதுரையில் தங்கம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், 'தெற்காவணி மூல வீதி' என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் காசு கொடுக்காமல் தங்கம் கிடைக்கிற இடமும் அதே சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது. நகைப் பட்டறைகள் உள்ள சந்துகளில் விடிகாலையில் நடந்து பாருங்கள். ஒரு துடைப்பம், ஒரு இரும்புச் சட்டி சகிதம் சிலர் குத்த வைத்து உட்கார்ந்து, வாசல் மண்ணையும் சாக்கடைச் சேற்றையும் வழித்துப் போட்டுத் தண்ணீர் விட்டு அலசிக்கொண்டிருப்பார்கள். பட்டறையில் ராவும்போது பறக்கிற தூள், ஆசாரியின் காலில் ஒட்டி, வேட்டியில் ஒட்டி, கடைசியில் சாக்கடைக்குத்தானே வந்து சேரவேண்டும்? அதை அரித்தெடுத்தால் ஏதோ அன்றைய இட்லி சாம்பாருக்கு ஆச்சு.

உலகத்தில் தங்கத்துக்காக நடந்த கூத்தெல்லாம் இதே வேலைதான் சார். சட்டியின் சைஸ்தான் வேறு!

சார்லி சாப்ளின் பசி தாங்காமல் தன் பூட்ஸையே வேகவைத்து, ஆணியை எலும்பு மாதிரி சூப்பிச் சாப்பிடுவாரே, ஞாபகம் இருக்கிறதா? 1925-ல் வந்த 'தி கோல்ட் ரஷ்' படம். அது வெறும் கற்பனை இல்லை. கனடாவின் வடகோடியில், வெள்ளைப் பனியைத் தவிர வேறெதுவும் இல்லாத குளோண்டைக் பகுதியில், 1896 ஆகஸ்டில் ஒரு ஓடையில் தங்கம் கிடைத்தது. அடுத்த வருஷம் அந்தத் தங்கத்தோடு கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகத்துக்கு வந்ததுதான் தாமதம்... குமாஸ்தா, வாத்தியார், முடிதிருத்துகிறவர், போலீஸ்காரர் எல்லோரும் வேலையை உதறிவிட்டு ஓடினார்கள். கிளம்பியவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். 'ஒரு வருஷத்துக்கான சாப்பாடும் சாமானும் கையில் இல்லாதவனை எல்லைக்குள் விடமாட்டோம்' என்று கனடா போலீஸ் சொல்லிவிட்டது. ஒரு ஆளுக்குச் சுமார் ஒரு டன் மூட்டை! அதைத் தவணை தவணையாக முதுகில் சுமந்து பனிமலை ஏறினார்கள். டாசன் சிட்டி என்று ஒரு ஊர் முளைத்தது. இரண்டே வருஷத்தில் முப்பதாயிரம் பேர். போய்ச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தங்கத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

டாசன் சிட்டிக்குப் போய்வர ஆசைதான். ஆனால் என் பி.காம். மூளை விமான டிக்கெட் விலையைப் பார்த்ததும் 'டெபிட்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. கவலை இல்லை. மதுரைக்கு வடக்கே, ஒரு ராத்திரி ரயில் தூரத்திலேயே ஒரு தங்க ஊர் இருக்கிறது. அதிலும் ஒரு விசேஷம். அங்கே போய் வழி கேட்கக் கன்னடம், இங்கிலீஷ் எதுவும் வேண்டாம். தமிழே போதும்.

கோலார் தங்க வயல்!

* * *

'வயல்' என்றால் நம் சோழவந்தான் பக்கத்து ஆட்களுக்கு நெல்லும் நாற்றும்தான் கண்ணில் வரும். வைகையில் தண்ணீர் விட்டால் நடவு, விடாவிட்டால் கடன். இந்த வயல் வேற மாதிரி. நூற்றிருபது வருஷம் அறுவடை. விதைத்தது மட்டும் மனுஷனை.

கூட என் நண்பர் ஒருவரும் வந்தார். பேங்கில் நகைக் கடன் செக்ஷன். இருபது வருஷ சர்வீஸ். ஆள் கழுத்தைப் பார்த்தே எடை சொல்லுவார். கல்யாண வீட்டுக்கு அவரோடு போனால், தாலி கட்டுவதைப் பார்க்கமாட்டார்; "பொண்ணு நாப்பத்தி ரெண்டு பவுன், அதுல எட்டு பவுன் கவரிங்" என்று காதில் கிசுகிசுப்பார்.

"தங்கச் சுரங்கத்துக்குப் போறோம், வர்றீங்களா?" என்றதும், "சாம்பிள் குடுப்பாங்களா?" என்றார். அந்த மனுஷனை நம்பித்தான் பயணம்.

பெங்களூரில் சாயங்காலம் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்தோம். பிடித்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. உள்ளே திணிக்கப்பட்டோம். பெட்டி முழுக்கத் தமிழ்! ஜன்னலோரம் நாலு பேர் துண்டை விரித்துச் சீட்டு. நின்றபடியே ஒருத்தர் தூக்கம். பக்கத்தில் நின்ற பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். பெங்களூரில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் காவல் வேலையாம்.

"தினமும் போய் வர்றியாப்பா?"

"ஆமாண்ணா. காலைல நாலு மணிக்கு எந்திரிப்பேன். வூட்டுக்குப் போறதுக்குள்ள ஒம்போது ஆயிடும்."

போக நூறு கிலோமீட்டர், வர நூறு கிலோமீட்டர். நம்மூரில் திருமங்கலத்திலிருந்து சிம்மக்கல்லுக்கு பஸ்ஸில் வருகிறவர் ஆபீஸுக்கு வந்ததும் பத்து நிமிஷம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஆயாசப்படுவார். இந்த ரயிலில் ஆயிரக்கணக்கான பேருக்கு இதுதான் வாழ்க்கை. சுரங்கம் மூடிய பிறகு ஊருக்கு உள்ளே வேலை இல்லை. ரயில்தான் புது சுரங்கம். இருட்டில் இறங்கி இருட்டில் ஏறுகிறார்கள்.

பங்காருப்பேட்டையில் கிளை பிரிகிறது. 1894-ல் சுரங்கத்துக்காகவே போட்ட பாதை. கோரமண்டல், உரிகம், சாம்பியன், கடைசியில் மாரிக்குப்பம். பெயர்களைக் கேட்டாலே பாதி லண்டன், பாதி வேலூர்!

* * *

கதை எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

திப்பு சுல்தான் விழுந்த பிறகு, மைசூர் எல்லையை அளக்க ஜான் வாரன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1802-ல் இந்தப் பக்கம் வந்தார். 'இங்கே மண்ணில் தங்கம் கிடைக்குதாம்' என்று காதில் விழுந்தது. தங்கம் எடுத்துக் காட்டுகிறவர்களுக்குச் சன்மானம் என்று அறிவித்தார். உரிகம் கிராமத்து ஜனங்கள் மாட்டு வண்டி நிறைய மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, அவர் கண் முன்னாலேயே அலசித் தங்கத் துகளை எடுத்துக் காட்டினார்கள். நம்ம ஆவணி மூல வீதி டெக்னிக்தான்! வாரன் பார்த்ததை எழுதிவைத்தார். 1804-ல் ஒரு பத்திரிகையில் வந்தது. அப்புறம் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அறுபத்தேழு வருஷம் கழித்து, 1871-ல் மைக்கேல் ஃபிட்ஜெரால்ட் லவேல் என்ற ஐரிஷ் சிப்பாய்க்கு அந்தக் கட்டுரை கையில் சிக்கியது. நியூசிலாந்தில் சண்டைக்குப் போய்விட்டு பெங்களூரில் வந்து உட்கார்ந்திருந்தவர். பென்ஷனில் காலம் தள்ளவேண்டிய வயதில், மாட்டு வண்டி கட்டிக்கொண்டு அறுபது மைல் கிளம்பிவிட்டார். மைசூர் அரசாங்கத்திடம் மனு மேல் மனு போட்டு, 1875-ல் இருபது வருஷக் குத்தகை வாங்கினார். ஆனால் தோண்டப் பணம் வேண்டுமே? உரிமையைக் கைமாற்றிவிட்டார். பெங்களூரில் இன்றைக்கும் லவேல் ரோடு இருக்கிறது. மனுஷருக்கு மிச்சம் அந்த ரோடுதான்!

1880-ல் வந்தது லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். அந்தச் சமயத்தில் நம்ம நீலகிரியிலும் ஒரு தங்கக் காய்ச்சல் அடித்தது. கூடலூருக்கு அந்தப் பக்கம் தேவாலா, பந்தலூர். ஆஸ்திரேலியாவிலிருந்து நிபுணர் வந்து 'இருக்கிறது' என்று அறிக்கை கொடுக்க, லண்டனில் கம்பெனிகள் சரசரவென்று முளைத்து, பல லட்சம் பவுன் (இது இங்கிலீஷ்காரன் பவுன்!) ஷேர் விற்றது. இரண்டு மூன்று வருஷத்தில் எல்லாம் காலி. இன்றைக்கு அங்கே தேயிலை. கோலாரிலும் கையிருப்புப் பணம் கரைந்து 'கடையைச் சாத்தலாமா' என்ற கட்டம் வந்தது. கடைசிப் பணத்தை வைத்து இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டியபோதுதான், 1883 வாக்கில், சாம்பியன் லோடு என்கிற தங்கப் பாளம் தட்டுப்பட்டது.

அப்புறம் என்ன? லண்டன் ஷேர் மார்க்கெட்டில் ஆனந்தக் கூத்து!

தோண்ட ஆள்? வட ஆற்காடு, சேலம், தர்மபுரி பக்கமிருந்து நம் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வந்தார்கள். பெரும்பாலோர் ஊரில் நிலமும் இல்லாமல், மரியாதையும் இல்லாமல் கிடந்த தாழ்த்தப்பட்ட மக்கள். பஞ்சம் ஒரு பக்கம் துரத்தியது, பண்ணையார் இன்னொரு பக்கம். பா. ரஞ்சித் 2024-ல் எடுத்த 'தங்கலான்' இந்த மண்ணின் கதைதான். டாசன் சிட்டிக்கு ஓடியவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். அங்கே ஓடியவன், 'கிடைக்கிற தங்கம் எனக்கு' என்று ஓடினான். இங்கே வந்தவன் கூலிக்கு வந்தான். தங்கம் அவன் கணக்கிலேயே கிடையாது.

ஒரு கட்டத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். துரைமார்களுக்கு ஓட்டு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர். தொழிலாளிக்குத் தட்டி அடைத்த குடிசை வரிசை. பின்னால் லைன் வீடு.

இந்தியாவில் பல ஊர்கள் சிம்னி விளக்கில் கிடந்தபோது இந்த ஊரில் கரண்ட்! திவான் சேஷாத்ரி ஐயர் போட்ட திட்டம். சிவசமுத்திரத்தில் காவிரி விழுகிற வேகத்தில் மின்சாரம் எடுத்து, 92 மைல் கம்பி இழுத்து, 1902-ல் கோலார் சுரங்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று. பெங்களூர் வீதியில் விளக்கு எரிய 1905 ஆகவேண்டியிருந்தது. காவிரித் தண்ணீருக்கு நாம் இன்றைக்கும் கோர்ட் படி ஏறிக்கொண்டிருக்கிறோம். லண்டன் கம்பெனிக்கு மட்டும் அது எப்படி அவ்வளவு ஈஸியாகக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். பி.பி. ஏறும்.

வெறும் கடப்பாரை பிடித்த ஊர் என்றும் நினைக்கவேண்டாம். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் இருந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் நூல்கள் இங்கிருந்து அச்சேறின. கர்நாடக சட்டசபைக்கு அ.தி.மு.க.காரர் ஜெயித்துப் போனதும் இந்த ஊரிலிருந்துதான்!

* * *

ரயில் சிநேகிதப் பையன் விடவில்லை. "எங்கப்பா அண்டர்கிரவுண்டுல இருந்தவருண்ணா. வந்து பாருங்க" என்று மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே அழைத்துப் போனான். லைன் வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. பெரியவருக்கு எழுபதுக்கு மேல். பேசினால் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தரம் மூச்சு நின்று வருகிறது.

"இன்னா சாப்புட்றீங்க தம்பி? மதுரைலேர்ந்தா? அம்மாடி, அம்மாந் தூரமா!"

இருபத்தொன்பது வருஷம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை. அதன் ஆழம் சுமார் 3,200 மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைத் தலைகீழாக, ஒன்றன் கீழ் ஒன்றாக அறுபது தடவை இறக்கவேண்டும். உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று.

"கேஜுல நின்னா காது அடைச்சிக்கும். கீழ போனா பாறை கொதிக்கும் தம்பி. கைய வெக்க முடியாது."

அடியில் பாறையின் சூடு 65 டிகிரிக்கு மேல். மேலே மெஷின் வைத்துக் காற்றைக் குளிரவைத்து உள்ளே அனுப்பினார்கள். கத்திரி வெயிலில் நாற்பது டிகிரிக்கே நாம் ஜிகர்தண்டா தேடி ஓடுகிறோம்.

அந்த ஆழத்தில் சூடு ஒரு எதிரி என்றால், பாறை இன்னொரு எதிரி. மேலிருந்து அழுத்துகிற பாரம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். மேலே ஊரில் பாத்திரம் உருளுமாம். உடனே பெண்கள் எல்லோரும் சுரங்க வாசலுக்கு ஓடுவார்களாம், யார் வீட்டு ஆள் என்று பார்க்க. மூன்றாவது எதிரி சத்தமே போடாது. பாறையைத் துளைக்கும்போது பறக்கிற சிலிக்கா தூசி. நுரையீரலில் போய்ப் படியும். வெளியே வராது. பெயர் சிலிக்கோசிஸ். பெரியவரின் மூச்சுக்கு நடுவில் கேட்ட விசில் சத்தம் அதுதான்.

நண்பர் தொழில் புத்தியைக் காட்டினார். "ஐயா, அவ்வளவு வருஷத்துல தங்கத்தைக் கையால தொட்டிருக்கீங்களா?"

பெரியவர் சிரித்தார். "கல்லத்தான் தம்பி தொட்டேன். மில்லுக்குப் போயிதான் அது தங்கமாவும். மில்லுக்குள்ள எங்களுக்கு இன்னா வேலை?"

தொட முடியாது என்பது மட்டுமில்லை. தொட்டுவிடுவான் என்ற சந்தேகம் வேறு. சுரங்கத் திருட்டுக்கென்றே 1897-ல் மைசூர் சமஸ்தானம் தனிச் சட்டம் போட்டது. வேலை முடிந்து மேலே வருகிறவனைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். 1930-ல் எல்லோரும் கைரேகை பதியவேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, 'நாங்க என்ன கேடியா?' என்று ஊரே வேலையை நிறுத்தியது. கூலிக்காக இல்லை, மானத்துக்காக ஒரு ஸ்டிரைக்!

பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியவரின் சம்சாரம் டீ கொண்டுவந்தார். நண்பரின் கண் வழக்கம்போல் கழுத்துக்குப் போனது. மஞ்சள் கயிறு. அதில் குண்டுமணி அளவுக்குத் தாலி. வேறு ஒன்றுமில்லை.

அந்தம்மா கவனித்துவிட்டார்.

"இன்னா தம்பி பாக்கறீங்க? சங்கிலி, தோடு எல்லாம் மைன்ஸ் மூடுன வருசமே சேட்டு கடைக்குப் போச்சி. அப்ப பவுனு மூவாயிரத்துச் சொச்சம். மீட்டுக்கலாம், மீட்டுக்கலாம்னே இருந்துட்டோம். இப்ப இன்னா ரேட்டு தம்பி?"

இருபது வருஷமாகத் தினம் காலையில் முதல் வேலையாக ரேட் பார்க்கிற என் நண்பர், டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதில் சொல்லவில்லை.

* * *

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பி.காம். படித்ததற்கு ஒரு பிரயோஜனம் வேண்டாமா?

கோலார் தங்க வயல் தன் ஆயுளில் கொடுத்தது சுமார் 800 டன். எட்டு கிராம் ஒரு பவுன். வகுத்துப் பாருங்கள். பத்து கோடி பவுன்! அதற்கு உடைத்த தாதுப் பாறை சுமார் 5 கோடி டன். அதாவது, சராசரியாக ஒரு பவுனுக்கு அரை டன் கல்.

ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லில் நாற்பது கிராமுக்கு மேல்கூடக் கிடைத்தது. ஆழம் போகப்போகச் செலவு ஏறியது, தங்கம் குறைந்தது. கடைசிக் காலத்தில் டன்னுக்கு ஏறக்குறைய மூன்றே கிராம். அந்தக் கணக்கில் நம்மூர்க் கல்யாணத்தில் 'பொண்ணுக்கு நாப்பது பவுன்' என்றால், நூறு டன்னுக்கு மேல் பாறை உடைக்கவேண்டும். பத்து லாரி லோடு! அடுத்த தடவை பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளைகள், சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டபடி மாமனார் வீட்டு வாசலில் பத்து லாரி கருங்கல் நிற்பதாகக் கற்பனை செய்து பார்க்கவும்.

வெள்ளைக்காரன் காலத்தில் லாபம் லண்டன் ஷேர்ஹோல்டருக்கு. மைசூர் ராஜாவுக்கு ராயல்டி. 1956-ல் சுரங்கம் அரசுடைமையானது. பின்னர் மத்திய அரசுக்குப் போய், 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற கம்பெனியானது. அதற்குள் கொழுப்பெல்லாம் போய் எலும்புதான் மிச்சம். தேசியமயமான பிறகும் பல வருஷம், கடைத்தெரு விலைக்கு இல்லாமல், அதைவிடக் குறைவான சர்வதேச அதிகாரப்பூர்வ விலைக்கே தங்கத்தை அரசுக்குக் கொடுக்கவேண்டியிருந்தது. நஷ்டம் வராமல் என்ன செய்யும்? 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி, நஷ்டக் கணக்கைக் காட்டி மூடினார்கள்.

இப்போது தேதியைக் கவனியுங்கள். அந்த மாதம் உலக மார்க்கெட்டில் ஒரு அவுன்ஸ் தங்கம் சுமார் 260 டாலர். இருபது வருஷ அடிமட்டத்தை ஒட்டிய விலை அது. அதற்கப்புறம் ஏறிய தங்கம் 2025 அக்டோபரில் 4,000 டாலரைத் தாண்டியது. பதினைந்து மடங்கு! ஷேர் விலை அடிமட்டத்துக்கு வரும்வரை பல்லைக் கடித்திருந்து, வந்த அன்றைக்குப் பார்த்து விற்கிற ஆட்கள் நம் ஆபீஸில் ஒவ்வொரு செக்ஷனிலும் இருக்கிறார்கள். ஒரு நாடே அப்படிச் செய்தது இங்கேதான்.

அன்றைக்குத் திறந்தே வைத்திருந்தாலும் லாபம் வந்திருக்குமா என்பது வேறு கணக்கு. அந்தம்மாவின் சங்கிலிக் கணக்குக்கு அந்தச் சந்தேகம்கூடக் கிடையாது. சுரங்கமும் சங்கிலியும் ஒரே வருஷம், அதே அடிமட்ட விலையில் போயின. சுரங்கத்துக்கு நஷ்ட ஈடு எழுத ஒரு பட்ஜெட் உண்டு. சங்கிலிக்கு?

* * *

சுரங்கத்துக்குள் இப்போது யாரும் போகமுடியாது. பம்ப்பை நிறுத்தியதும் தண்ணீர் ஏறிவிட்டது. இந்த இருட்டில் ஒரு உலக சாதனை முங்கிக் கிடக்கிறது தெரியுமோ? 1965-ல், சுமார் இரண்டேகால் கிலோமீட்டர் ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கருவி வைத்து, காற்று மண்டலத்தில் பிறக்கிற நியூட்ரினோவை முதன்முதலாகப் பிடித்தன. அதே வருஷம் இதே வேலையைச் செய்த இன்னொரு குழு உட்கார்ந்திருந்ததும் தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்தில்தான். நம்ம தேனி பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015-ல் மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்து, எதிர்ப்பில் அது நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். அந்தக் கதையின் முதல் அத்தியாயம் இந்த ஊரில்.

மேலே இருப்பது என்ன? மலை! இயற்கை மலை இல்லை. பாறையை மாவாக அரைத்து, சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சக்கை. நூறு வருஷக் கழிவு, மொத்தம் சுமார் 3 கோடி 30 லட்சம் டன். ஊர் ஜனங்கள் 'சயனைடு மலை' என்கிறார்கள். 2018-ல் வந்து சக்கைப்போடு போட்ட 'கே.ஜி.எஃப்.' கன்னடப் படத்துக்கு இங்கேதான் செட் போட்டார்கள். படம் பார்த்துவிட்டு வருகிற பையன்கள் தாடியைத் தடவிக்கொண்டு, மலை முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். காற்றடி காலத்தில் அந்த மலையிலிருந்து கிளம்புகிற வெள்ளைத் தூசி, லைன் வீட்டுச் சோற்றில் விழுகிறது. அதை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

அந்தச் சக்கையில் இன்னும் கொஞ்சம் தங்கம் ஒட்டியிருக்கிறது. டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாதுதான். ஆனால் இன்றைய விலைக்கு அதுவே பெரிய காசு. 13 சக்கை மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்துவிட்டது. ஆக, தங்க வயலில் இரண்டாவது போகம்!

"மறுபடியும் வேலை வருமாய்யா?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"மெசினு வரும் தம்பி. லாரி வரும். தூசு வரும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "பையனுக்கு வேலை வந்தா நல்லாத்தான் இருக்கும். ரயிலுலயே பாதி ஆயுசு போவுது அவனுக்கு."

* * *

டாசன் சிட்டியைச் சொன்னேனே, அதன் இன்றைய நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்போது அங்கே இருப்பவர்கள் ஆயிரத்து ஐந்நூறு பேர் சொச்சம்தான். ஆனால் ஊர் சாகவில்லை. பழைய கட்டடங்களைக் கனடா அரசு காப்பாற்றி வைத்திருக்கிறது. தங்கம் தோண்டிய ராட்சச மெஷினைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வருகிறது. சட்டியைக் கையில் கொடுத்து, 'நீங்களே அரித்துப் பாருங்கள்' என்கிறார்கள். 2023-ல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதிலும், தங்கம் தேடி வந்தவர்களால் நிலத்தையும் வாழ்க்கையையும் இழந்த பூர்வகுடி மக்களின் கதையையே முன்னால் வைத்து அறிவித்தது. மூன்று வருஷ ஜுரத்துக்கே அவ்வளவு மரியாதை. நூற்றிருபது வருஷம் உழைத்த ஊருக்கு நாம் வைத்திருப்பது ஒரு பூட்டு.

அக்கவுண்டன்ஸியில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் பற்று எழுதினால், மறுபக்கம் வரவு எழுதியே ஆகவேண்டும். தங்க வயலின் நூற்றிருபது வருஷப் பேரேட்டில் வரவுப் பக்கம் லண்டன் இருக்கிறது, மைசூர் இருக்கிறது, டெல்லி இருக்கிறது, நம் வீட்டுப் பீரோ லாக்கர்கூட இருக்கலாம். பற்றுப் பக்கம் முழுக்க முழுக்க ஒரே ஊரின் நுரையீரல். எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போட்டார் இதில்?

திரும்பி வரும் ராத்திரி ரயிலில் நண்பர் தூங்கவில்லை. ஓமலூர் தாண்டியபோது திடீரென்று கேட்டார்: "ஏங்க, அந்த ஏலத்துல எடுக்குறவன், கிடைக்கிற தங்கத்துல ஊருக்கு இவ்வளவுன்னு எழுதிக் குடுக்கணும்னு ஒரு ஷரத்து போட முடியாதா?"

இருபது வருஷமாகத் தங்கத்தை எடை போட்டவர் கேட்கிற கேள்வி. ஏலப் பத்திரம் தயார் செய்கிற ஐயாமார்கள் காதில் விழட்டும். ஆஸ்பத்திரி, தூசியை அடக்க மரம், பையனுக்குப் பக்கத்திலேயே ஒரு வேலை... எந்தத் தலைப்பில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். நூறு பங்கு கேட்கவில்லை. டன்னுக்கு ஒரு குண்டுமணி.

அதையாவது அவர்கள் கழுத்தில் போடுங்கள் சார்!